ஓசி செல்போனும் திருப்பூர் இந்தி வாத்தியாரும்

திருப்பூரில் தனியாக மொழி சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் வாத்தியார்களுக்குப் போட்டி பலமாகி விட்டது. ஒரு பக்கம் ஏ.சி. போட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்கள். இன்னொரு பக்கம் காசே கேட்காத செல்போன். நடுவில் மாட்டிக் கொண்டு முழிப்பவர், வீட்டு முன்னறையில் பெஞ்ச் போட்டு இந்தியோ இங்கிலீஷோ நடத்துகிற தனி ஆள்.

கூட்டம் குறைந்ததும் இவர் முதலில் பீஸைக் குறைக்கிறார். அது உருப்படாத யோசனை. ஓசியில் கிடைப்பதோடு விலையில் மோதி ஜெயித்த வியாபாரி உண்டா? காதர்பேட்டைக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் இறக்கினான் என்று நாம் இரண்டு ரூபாய் இறக்கிக் கொண்டே போனால், கடைசியில் பனியனைச் சும்மாதான் தூக்கிக் கொடுக்க வேண்டும்!

போட்டி ஒன்றும் புதிதல்ல. முப்பது நாளில் இந்தி கற்கும் புத்தகங்கள் அன்றே விற்றன. ரேபிடெக்ஸ் இங்கிலீஷ் புத்தகத்துக்கு கபில்தேவ் விளம்பரம் கொடுத்தார். அப்போதும் டியூஷன் நடந்தது. காரணம், பரீட்சை. 1968-ல் இருமொழிக் கொள்கை வந்த பிறகு, இந்தி வேண்டும் என்றவர்கள் வீட்டு டியூஷனைத் தேடிப் போனார்கள். 1918-ல் காந்தி தொடங்கி வைத்த தட்சிண பாரத இந்தி பிரசார சபா, பிராத்மிக்கில் ஆரம்பித்து பிரவீண் வரை பரீட்சை வைத்தது. அந்தப் பரீட்சைதான் வாத்தியாருக்குச் சோறு போட்டது.

இன்றைக்குத் திருப்பூரில் வேறு கிராக்கி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் வேலை வாங்கும் சூப்பர்வைசர், "ஏனுங்க மாஸ்டர், பரீட்சை எல்லாம் எதுக்குங்க? நாளைக்கு ஒன்றரை ஷிப்ட்னு சொல்லத் தெரிஞ்சாப் போதுமுங்க" என்கிறார். பிரவீண் பாஸ் செய்தவரே இங்கே திணறுவார். பீகார்க்காரர் பலருக்கு வீட்டில் போஜ்புரி அல்லது மைதிலி. ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி இந்தியே அல்ல, ஒடியா!

செல்போன் சொல்லித் தராதா? தரும். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ல் தமிழ் வந்தது, 2020-ல் ஒடியா வந்தது, 2022-ல் போஜ்புரியும் மைதிலியும் சேர்ந்தன. ஆனால் ஓவர்லாக் மெஷின் இரைச்சலுக்கு நடுவே போனை நீட்டிக் கொண்டு நிற்க முடியுமா? 'கைமடி', 'பிசிர் வெட்டு' என்றால் அதற்கு என்ன புரியும்? ஒரு நாள் கம்பெனிக்குள் போய் கட்டிங், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு டேபிளாக நின்று வார்த்தைகளை எழுதிக் கொண்டு வரும் வாத்தியாருக்கு அதுதான் முதல். சென்டர்காரனிடம் அந்த நோட்டு கிடையாது.

திருப்பிப் போட்டாலும் தொழில் இருக்கிறது. வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லித் தர ஆள் எங்கே? கூலிக் கணக்கு கேட்க, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வலியைச் சொல்ல, வீட்டு வாடகை பேச, எல்லாவற்றுக்கும் காண்ட்ராக்டர் வாயைப் பார்க்கிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோ பரவியபோது திருப்பூர் கலங்கிப் போனது. பீகார் அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் "இது நெசமாங்க?" என்று கேட்கத் தெரிந்திருந்தால், பாதிப் பயம் அங்கேயே தெளிந்திருக்கும்.

இதற்குத் தொழிலாளி மட்டும் பீஸ் கட்ட வேண்டியதில்லை. சைஸ், கலர் புரியாமல் ஒரு லாட் கெட்டால் நஷ்டம் முதலாளிக்குத்தான். எனவே பாதியை கம்பெனியிடம் கேட்பது நியாயம். முனகுவார்கள், கேட்க வேண்டும்.

நேரமும் மாற வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி டியூஷன் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சரி. இரவு எட்டரைக்கு மெஷினை விட்டு எழுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு. சம்பளம் சனிக்கிழமை வருவதால், பீஸையும் மாதக் கணக்கில் வைக்காமல் வாராவாரம் ஞாயிறு காலையிலேயே வாங்கி விடுவது உத்தமம். திங்கட்கிழமை கேட்டால் "அடுத்த வாரம் மாஸ்டர்" என்பான். அதை நல்ல தமிழிலேயே சொல்லுவான்!