‘பாய்’ என்று தேடுவோரெல்லாம் பாய் வாங்குவோர் அல்லர்

வணிக வாசல்

பத்தமடையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் இம்மாதச் சிந்தனைக்கு வித்திட்டது. மூன்று தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்துவரும் குடும்பம். வாப்பாவின் மறைவுக்குப் பின் உம்மாவும் இவரும் தறியைக் கைவிடாது காத்து வருகின்றனர். இடைத்தரகரின்றி நேரடியாக விற்கலாமே என்றெண்ணி, தம்பியின் துணையோடு இணையதளம் ஒன்றை அமைத்து, கூகுள் தேடலில் விளம்பரமும் கொடுத்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த 3,000 ரூபாய் எட்டே நாளில் கரைந்துவிட்டது. 500 பேர் வந்து பார்த்தனராம். ஒரு பாய்கூட விற்கவில்லை. “தறியை விற்றுவிடலாமா என்று உம்மா கேட்கிறார்கள்” என மடலை முடித்திருக்கிறார்.

சகோதரியே, தறியை விற்க வேண்டாம். குறை தறியிலும் இல்லை, பாயிலும் இல்லை. தாங்கள் தெரிந்தெடுத்த சொல்லில் இருக்கிறது.

தேடல் விளம்பரம் என்பது ஓர் ஏலம். ஒருவர் ஒரு சொல்லைத் தட்டெழுதித் தேடும் அந்தக் கணத்திலேயே, அச்சொல்லைக் கேட்டிருக்கும் விளம்பரதாரர்களிடையே ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரத்தை அவர் கண்டால் கட்டணமில்லை. சொடுக்கி உள்ளே வந்தால்தான் கட்டணம். 1998-இல் அமெரிக்காவில் இம்முறையைத் தொடங்கிய ‘கோடூ’ நிறுவனம், அதிக விலை கேட்டவரையே முதலிடத்தில் வைத்தது. கூகுளோ 2002 முதல் விலையோடு பொருத்தத்தையும் சேர்த்து எடைபோடுகிறது. தேடியவர் நாடியதும் விளம்பரம் சொல்வதும் ஒத்திருந்தால், குறைந்த விலை கேட்டவரும் மேலிடம் பெறலாம். சிறு வணிகருக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்பு இதுவே.

தாங்கள் கொடுத்த தேடுசொல் ‘பாய்’ என்ற ஒன்று மட்டுமே. இச்சொல்லைத் தேடுவோர் யாவர்? ‘பாய் வீட்டுப் பிரியாணி செய்வது எப்படி’ என்று அறிய விரும்புவோரும் அவர்களுள் அடங்குவர். பிளாஸ்டிக் பாய் வேண்டுவோரும் உளர். அதையே ஆங்கிலத்தில் ‘மேட்’ என்று கொடுத்தால், யோகா விரிப்பும் காரின் தரைவிரிப்பும் வாயிற்படி மிதியடியும் தேடுவோர் வந்து குவிவர். அவர்கள் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் 6 ரூபாய் போய்விடுகிறது.

ஆகவே, நாம் நம் பொருளை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, வாங்க வருபவர் கடை வாசலில் நின்று என்ன கேட்பார் என்று எண்ண வேண்டும். ‘பத்தமடை கல்யாணப் பாய் விலை’, ‘மணமக்கள் பெயர் நெய்த பாய்’, ‘கோரைப் பாய் வாங்க’ எனக் கேட்பவர் கையில் பணத்தோடு நிற்பவர். இத்தகைய நீண்ட சொற்றொடர்களைத் தேடுவோர் சிலரே. எனினும் வாங்குவோர் பெரும்பாலும் அச்சிலருள்தான் இருப்பர். பத்தமடை என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் பலரும் பலவாறு எழுதுகின்றனர், அவ்வடிவங்களையும் சேர்த்துக்கொள்க.

அடுத்து, பொருத்த வகையைக் கவனிக்க வேண்டும். தாங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ‘விரிந்த பொருத்தம்’ என்றே கூகுள் கொள்ளும்; தொடர்புடையதாகத் தோன்றும் பிற தேடல்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால் வட்டம் சுருங்கும். சதுர அடைப்புக்குள் இட்டால் இன்னும் சுருங்கும். கைப்பொருள் குறைந்தவர் சுருங்கிய வட்டத்திலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

சேர்க்கும் சொற்களைப் போலவே விலக்கும் சொற்களும் இன்றியமையாதவை. ‘பிரியாணி’, ‘யோகா’, ‘கார்’, ‘பிளாஸ்டிக்’ ஆகியவற்றை விலக்குச் சொற்களாகப் பதிந்தால், அச்சொற்கள் இடம்பெறும் தேடல்களில் தங்கள் விளம்பரம் தோன்றாது. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனியே பதிய வேண்டும். மக்கள் எவற்றைத் தேடித் தங்களிடம் வந்தனர் என்ற பட்டியலும் விளம்பரக் கணக்கிலேயே கிடைக்கும். வாரம் ஒருமுறை அதைப் படித்துக் களை எடுங்கள்.

பெரு நிறுவனங்களும் இதில் வீண்செலவு செய்ததுண்டு. ஈபே நிறுவனம் 2012-இல், தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரத்தை நிறுத்திச் சோதித்தது. அதன் வழியே வந்துகொண்டிருந்தோரில் ஏறத்தாழ அனைவரும், கட்டணமில்லாத தேடல் முடிவின் வழியே வந்து சேர்ந்தனர். தானே வரவிருந்தவருக்கும் பணம் கொடுத்தது அப்போதுதான் புலப்பட்டது. இந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று.

இறுதியாகக் கணக்கு. ஒரு கல்யாணப் பாயில் 400 ரூபாய் மிஞ்சும் என்று எழுதியுள்ளீர்கள். வருவோர் 50 பேரில் ஒருவர் வாங்கினால், சொடுக்கு ஒன்றுக்கு 8 ரூபாய் கொடுத்தாலே ஆதாயம் முழுதும் போய்விடும். 6 ரூபாய் என்றால் பாய்க்கு 100 ரூபாய் மிஞ்சும். 100 பேரில் ஒருவரே வாங்கினால், அதே 6 ரூபாயில் பாய்க்கு 200 ரூபாய் நட்டம். ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் இக்கணக்கைத் தனியே எழுதி, மிச்சம் தராத சொல்லைத் தயங்காது நீக்கிவிடுங்கள்.

நாளொன்றுக்கு 50 ரூபாய் என வரம்பு கட்டி, ஐந்தாறு தேடுசொற்களோடு மீண்டும் தொடங்குங்கள். அதுவும் பலன் தராவிடில் பணத்தை அங்கே போடாமல் வேறு வழி காணலாம்; அதற்காக வருந்த வேண்டியதில்லை. கோரையைக் கீறும்போது தடித்த இழையை ஒதுக்கி, மெல்லிய இழையைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை தங்களுக்கும் உம்மாவுக்கும் கைவந்தது. அதே பொறுமையைச் சொல்லிலும் காட்டுங்கள். விளைவை எழுதுங்கள், காத்திருக்கிறோம்.