நோயுற்றவரையும் கேளுங்கள்

சென்ற பிரதோஷத்தன்று தில்லையில், சிவகங்கைத் தீர்த்தக் கரையில் ஒரு மூதாட்டியாரைச் சந்தித்தேன். கடலூரிலிருந்து வந்தவர். "எனக்குப் புற்றுநோயாம். பிள்ளைகள் சொல்லவில்லை, மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து நானே அறிந்துகொண்டேன். மூத்தவன் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறான். இளையவன் இந்த வயதில் வேண்டாம் என்கிறான். என்னை ஒருவரும் கேட்கவில்லை" என்றார். நோயைவிட அந்த வருத்தமே அவரை வாட்டியது.

அவரது ஊரான திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிபுரம். அங்கே தருமசேனராக விளங்கிய காலத்தில்தான் நாவுக்கரசரைச் சூலை நோய் பற்றியது. தமக்கையார் திலகவதியார், தம்பி பிற சமயம் சார்ந்தபோது இறைவனிடம் முறையிட்டாரேயன்றி, அவரை வற்புறுத்தி இழுத்து வரவில்லை. தம்பி தாமே தெளிந்து திருவதிகைக்கு வந்து அடிபணிந்தபோது பழங்குறை எதையும் பேசாமல், திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். இவ்வரலாற்றைக் காட்டி, "மருந்து எதற்கு?" என்று பிறரைத் தடுப்பது தகாது. தமக்கையாரின் பொறுமையே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அண்மைக் காலத்தில் பகவான் ரமணரின் இடது முழங்கையருகே புற்றுக்கட்டி தோன்றியது. 1949-இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அன்பர்கள் கொணர்ந்த பிற வைத்தியங்களையும் ஏற்றார். கையையே அகற்றலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14 அன்று முக்தியடைந்தார். சிகிச்சையை ஏற்றவரும் அவரே; அதற்கு எல்லை வகுத்தவரும் அவரே.

ஆகவே, இல்லத்துப் பெரியோரிடம் உண்மையைப் பரிவுடன் கூறுங்கள். சிகிச்சையால் விளையும் நன்மை என்ன, துன்பம் என்ன, செய்யாவிடில் நேர்வது என்ன என்பவற்றை மருத்துவர் வாயிலாகவே அவர்கள் கேட்கட்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்கள் குணமாகக் கூடியவை; அச்சத்தாலோ அயலார் பேச்சாலோ அவ்வாய்ப்பை இழக்கலாகாது. எல்லாம் அறிந்தபின் ஒருவர் வேண்டாம் என்றாலும் அவரைக் கைவிடாதீர்கள். வலி தணிக்கும் மருத்துவம் உண்டு. பின்னர் மனம் மாறினால் அதையும் குறை கூறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடுத்த முறை மருத்துவரிடம் நானே கேட்கிறேன். பிள்ளைகளும் அருகில் இருந்து கேட்கட்டும்" என்று கூறி எழுந்து, கூத்தப்பிரான் சன்னிதி நோக்கி நடந்தார்.

அவர் எம்முடிவு எடுப்பினும் அம்பலவாணன் துணை நிற்பானாக.