சீரியல் செட்டுக்கு மூளை வந்தாச்சு!

டிசம்பர் பிறந்தால் எங்கள் பருத்திப்பட்டில் ஏரிக் காற்றோடு நட்சத்திரங்களும் வந்துவிடும். மொட்டை மாடியில் கம்பு நட்டு காகித நட்சத்திரம், உள்ளே ஒரு பல்பு. கொஞ்சம் வசதி என்றால் சுற்றிலும் சீரியல் செட். இப்போது அடுத்த கட்டம்... பிக்ஸல் விளக்கு! ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நம் பேச்சைக் கேட்கும். வீட்டில் வேறு யாரும் கேட்காத நிலையில் இது பெரிய ஆறுதல்.

ஆசை ஒன்றும் புதுசில்லை. 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கில் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளை மாட்டினார். மரம் சுழலச் சுழல விளக்குகள் மாறி மாறி எரியும். நம்ம ஊர் அம்மன் திருவிழாவில் சீரியல் போர்டு மயில் தோகை விரிக்குமே, அதன் பின்னாலும் ஒரு உருளை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேலையை இப்போது தீப்பெட்டி சைஸ் கன்ட்ரோலர் செய்கிறது. ஈ.எஸ்.பி.32 என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் தருவார்கள். அதில் ஏற்ற டபிள்யூ.எல்.ஈ.டி. என்ற மென்பொருள் இலவசம்.

எப்படி வேலை செய்கிறது? சாயங்கால ஆவடி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் ஒரு கட்டு டிக்கெட்டை முன்சீட்டில் கொடுக்கிறார். முதல் ஆள் தனக்கு மூன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் பாஸ் பண்ணுகிறார். அடுத்தவரும் அப்படியே. பிக்ஸலுக்கு அந்த மூன்று டிக்கெட்டும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நடுவில் ஒரு ஆள் தூங்கிவிட்டால் பின்னால் இருப்பவர் அத்தனை பேரும் வித்அவுட்! ஆகவே பாதி மாலை இருட்டாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். கடைசியாக எரியும் பிக்ஸலையும் அதற்கு அடுத்ததையும் மட்டும் பாருங்கள்.

கன்ட்ரோலர் உங்களிடம் கேட்பது மூன்றே கேள்வி.

ஒன்று, எத்தனை விளக்கு? 150 மாட்டிவிட்டு 100 என்று எழுதினால் கடைசி 50 எரியாது.

இரண்டு, எந்த வரிசை? பக்கத்துத் தெருப் பையன் வந்தான். "அண்ணே, நட்சத்திரத்தை சிவப்பாக்கினா பச்சையா எரியுது. கட்சி மாறிடுச்சா?" மாறவில்லை தம்பி. சில வகை பிக்ஸல் பச்சையை முதலில் எதிர்பார்க்கும். கலர் ஆர்டரை மாற்றினால் தாய்க் கட்சிக்குத் திரும்பிவிடும்.

மூன்று, எவ்வளவு கரன்ட்? இது பி.காம். படித்தவனுக்குப் பிடித்த கணக்கு. ஒரு 5 வோல்ட் பிக்ஸல் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 100 பிக்ஸலுக்கு 6 ஆம்பியர். செல்போன் சார்ஜரில் வரவு 2, செலவு 6 என்றால் திவால்தான். 10 ஆம்பியர் பவர் சப்ளை வாங்குங்கள். அதன் உச்ச வரம்பை மென்பொருளிலும் எழுதி வையுங்கள். வரம்பு தாண்டினால் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலையின் வால் பக்கம் வெள்ளை விளக்கு மஞ்சளடித்தால், வோல்டேஜ் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்த முனைக்கும் சப்ளையிலிருந்து தனி வயர் இழுங்கள்.

மென்பொருள் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று உண்டு: மழை வந்தால்? டிசம்பர் நம் ஊரில் மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பிக்ஸலில் ஓடும் 5 வோல்ட் சாது. ஆனால் பவர் சப்ளைக்குள் நுழைவது 230 வோல்ட். அதை வாசலில், குடிலின் வைக்கோலுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். வீட்டுக்குள் உயரமாக, காற்றோட்டமாக வையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியருக்கு ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

குழந்தை இயேசுவைப் பார்க்கத் தெருக் குழந்தைகள் எல்லாம் ஈரக் கையோடு ஓடி வரும். கலர் தப்பினால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.