தாழிட முடியாத கதவுகள்

ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



டுரியான் துங்காலில் குடியிருந்து, வீட்டு வரி கட்டி வருபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். புதிய மண்டபமோ பூங்காவோ கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் வருபவரும் கைத்தடி ஊன்றி வருபவரும் அடுத்தவர் துணையில்லாமல் போய்வரக்கூடிய கழிவறைகள் வேண்டும். அவ்வளவுதான்.

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்கா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மாநிலமே கொண்டாடியது. அதே நாளில்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் (சட்டம் 685) நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டாடியவர்கள் குறைவு. பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அதன் 26ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியபோது, மீறுபவருக்குத் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை. போதாததற்கு, அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர முடியாதபடி 41ஆம் பிரிவு காப்பு தருகிறது. வக்கீலைத் தேடிப் போகாமல் உங்களுக்கு மடல் எழுதுவதற்கு அதுவே காரணம்.

கழிவறைக்குத் தனியே போய்வர முடியாதது எங்கோ நாலு பேருடைய குறை அல்ல. நம் நாட்டில் இனிப்புநீர் நோய் இந்தியர்களிடையே மிகுதி என்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வும் காட்டியது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்த கால்களில், ஆறாத ஒரு புண் போதும். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று போய்விடுகிறது. தோட்ட லயத்தை விட்டு வந்தவர்கள் வாங்கிய மலிவு விலை வீடுகளிலோ குளியலறை வாசல் குறுகல், வாசலில் ஒரு படி, உள்ளே குந்தும் கழிவறை.

என் மாமாவுக்கு இடது கால் எடுத்தாகிவிட்டது. ஒருநாள் வெளியே போயிருந்தபோது கழிவறை தேடினோம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். கதவில் சக்கர நாற்காலிச் சின்னம் பளிச்சென்று இருந்தது. கூடவே ஒரு பூட்டும். சாவி வருவதற்குள் மாமாவின் முகம் மாறிவிட்டது. திறந்தால் உள்ளே வாளி, துடைப்பம், காகிதப் பெட்டிகள். அவற்றை வெளியே எடுத்து வைத்து நாற்காலியைத் தள்ளினால், உள்பக்கம் திறக்கும் கதவைச் சாத்த இடமில்லை. நானும் என் தம்பியும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்து கல்யாணமோ கருமாதியோ, வெளியே கிளம்பும் நாளில் மாமா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மலாக்காவுக்கே தண்ணீர் தேக்கித் தரும் அணை இருக்கும் ஊரில் இப்படி.

எப்படிக் கட்ட வேண்டும் என்பதில் குழப்பம் ஏதுமில்லை. கட்டடத் துணைச்சட்டம் 34-ஏ இருக்கிறது; 2014இல் திருத்தப்பட்ட எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை இருக்கிறது. நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது; ஆகவே கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி ஓர் ஆளின் முழு எடையைத் தாங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் துண்டு போடும் கம்பியையோ கைகழுவும் தொட்டியையோ பிடிப்பார்கள். அது பெயர்ந்து ஆளோடு விழும். தரையில் கிடப்பவரின் கைக்கு எட்டும்படி அழைப்பு மணிக் கயிறும் தேவை. கட்டும்போதே செய்தால் செலவு கொஞ்சம். கட்டிய பிறகு இடித்துச் செய்வதுதான் பெருஞ்செலவு.

கட்டி முடித்த சான்றிதழை 2007 முதல் கட்டடக் கலைஞர் போன்ற தொழில்முறை வல்லுநரே தருகிறார். ஆனாலும் வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதும் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிப்பதும் கழகத்தின் கையில்தான். இந்த இரண்டு இடங்களிலும் கழிவறையைக் கட்டாயச் சோதனையாக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளிகள்) கழிவறைகளைச் சாமான் அறையாக்கவோ பூட்டி வைக்கவோ தடை போடுங்கள். வீட்டுக் குளியலறைகளுக்கும் வழி உண்டு. நம் ஊரிலேயே மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் வீடு வீடாக அளவெடுத்துக் கொடுக்கட்டும். சமூகநல இலாகாவையும் சேர்த்துக்கொண்டு, படியைச் சமப்படுத்தவும் கம்பி பொருத்தவும் ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள்.

குறை உங்கள் பக்கம் மட்டும் இல்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூச நன்கொடை திரட்டும் நாங்களும், கோயில் மண்டபத்துக் கழிவறைப் படியைப் பற்றி யோசிப்பதில்லை. நீங்கள் விதியைக் கண்டிப்பாக்கினால் எங்கள் நிர்வாகக் குழுக்களும் வழிக்கு வரும்.

ஒருநாள் உங்கள் அதிகாரிகளோடு, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் அழைத்துக்கொண்டு இந்த ஊர்க் கழிவறைகளைச் சுற்றிப் பாருங்கள். அவர் உள்ளே போய், கதவைத் தாழிட்டு, யாரையும் கூப்பிடாமல் வெளியே வந்தால் மட்டும் அதை ஓ.கே.யூ. கழிவறை என்று பதிவேட்டில் எழுதுங்கள். மற்றவற்றுக்குத் திருத்த வேண்டிய கெடு நாளைக் குறித்து, அந்தப் பட்டியலை ஊரறிய ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
டுரியான் துங்கால் வாசி ஒருவன்