மாடித் தண்ணி எங்கே போகுது?

அக்டோபர் பொறந்தா போதும், நம்ம வடசென்னையில எல்லாரும் வானிலை நிபுணர் ஆயிடுவோம். காத்தழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே இருக்கு, புயலுக்கு என்ன பேரு, கரையைக் கடக்கறது நெல்லூரா மாமல்லபுரமான்னு டீக்கடையிலயே முடிவு பண்ணிடுவோம். ஆனா மொட்டை மாடி மூலையில இருக்கற அந்த நாலு இஞ்ச் ஓட்டையைப் பத்தி யாரும் பேசறதில்லை. இந்தப் பதிவு அந்த ஓட்டையைப் பத்தியும், அந்தப் பைப்போட இன்னொரு முனையைப் பத்தியும்தான்.

முதல்ல ஓட்டை. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம மாடிக் குப்பையே தனி ரகம். மத்த ஏரியாவுல இலை தழை விழும், நமக்குக் கரித்தூளும் சாம்பலும் சேர்ந்து விழும். துறைமுகத்துக் கரித்தூசி தாங்காம ராயபுரம் மக்கள் வருஷக்கணக்கா போராடி, 2011ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி, இரும்புத்தாது வேலை நின்னுச்சு. கரி ஊரை விட்டுப் போயிடல, எண்ணூர் பக்கம் போச்சு. அங்கே அனல் மின் நிலையச் சாம்பல் வேற. இந்தத் தூள் தண்ணி பட்டா சேறாகும், காய்ஞ்சா பைப் வாய்ல பத்து மாதிரி ஒட்டிக்கும். கூடவே கோடையில அறுந்து விழுந்த காத்தாடி, மாஞ்சா நூல். எல்லாத்துக்கும் மேல தீபாவளி! சரியா வடகிழக்குப் பருவமழை நேரத்துலதான் மாடியில சரவெடி வெடிச்சு, காகிதத்தை அப்படியே விட்டுட்டு இறங்கி வர்றோம். அடுத்த மழையில அது கூழாகிப் பைப்பை அடைச்சுக்கும்.

அடைச்சா என்ன, கொஞ்சம் தண்ணி நிக்கும் அவ்வளவுதானேன்னு கேக்கலாம். கணக்குப் போடுவோம் (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது பிரயோஜனப்படட்டும் :-)). மாடி 600 சதுர அடின்னு வெச்சுக்குவோம். 10 செ.மீ. மழை தேங்கினா 5,500 லிட்டருக்கு மேல, அதாவது அஞ்சரை டன். சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆள் நடமாடற மொட்டை மாடியை வடிவமைக்கும்போது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி எடுத்துக்கச் சொல்ற பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. அதுல மூணுல ரெண்டு பங்கைத் தண்ணியே சாப்பிட்டுடும். இதுவாவது புது கான்கிரீட் வீட்டுக்கு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பழைய வீடுகள்ல தேக்கு உத்தரத்து மேல செங்கல், சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. அது மேல தண்ணி நின்னு ஊறினா மரம் உளுத்துப் போகும். உளுத்த மரம் சொல்லிட்டு விழாது.

அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை மாடி ஏறணும். புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு தடவை, தீபாவளிக்கு மறுநாள் காலையில இன்னொரு தடவை. கையால வழிச்சு எடுங்க. குச்சியை விட்டு உள்ளே தள்ளினா அடைப்பு முழங்கை வளைவுல போய் உக்காந்துக்கும். செலவு மிச்சம்னு மூணு இஞ்ச் பைப் போடாதீங்க, நாலு இஞ்ச்சோட கொள்ளளவுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அது.

இது வரைக்கும் எல்லாரும் தலையாட்டுவோம். சண்டை வரப்போறது பைப்போட கீழ் முனையில.

எங்க தெருவுல வேலை செய்ய வந்த பிளம்பர் ஒருத்தர்கிட்ட, "அண்ணே, இந்த மாடித் தண்ணியை எல்லாம் எங்கே விடறீங்க?"ன்னு கேட்டேன். "தெருவுல விட்டா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் தம்பி. டிரைனேஜ் சேம்பர்ல விட்டா யாருக்கும் தெரியாது"ன்னு சொன்னார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, வீட்டுக்காரங்க கேக்கறதைத்தான் அவர் செய்யறார்.

சென்னையில கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைக்குத் தனி வடிகால். ரெண்டும் வேற வேற. கழிவுநீர்க் குழாய் மனுஷன் புழங்கற தண்ணிக்குப் போட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு வெச்சா நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். நம்ம 600 சதுர அடி மாடியில வெறும் 1 செ.மீ. மழை பெஞ்சா 557 லிட்டர். அதாவது ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்கப் புழங்கற தண்ணி, ஒரு சின்ன மழையில. 10 செ.மீ. பெஞ்சா பத்து நாள் தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ரெண்டு நாள்ல சென்னையில பல இடத்துல 40 செ.மீ. தாண்டுச்சு. ஒரே வீட்டு மாடியில 22,000 லிட்டர்! ஒரு தெருவுல 30 வீடு இப்படி இணைச்சிருந்தா 10 செ.மீ. மழைக்கே 1,67,000 லிட்டர். எந்தக் குழாய் தாங்கும்?

குழாய்க்குத் தாங்கலைன்னா தண்ணி எங்கே வரும்? இருக்கறதுலயே தாழ்வான வாய் வழியாத்தான். ரெண்டாவது மாடியில இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தரைத்தளத்து வாடகை வீட்டுக் கழிவறையில பொங்கும். தெரு முனையில மேன்ஹோல் மூடியைத் தூக்கிட்டு வந்து, பள்ளத்துல இருக்கற குப்பத்து வீட்டு வாசல்ல நிக்கும். மழை விட்டதும் அடைப்பு எடுக்க யாரோ ஒருத்தரைக் கூப்பிடுவாங்க. ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013லயே மத்திய அரசு சட்டம் போட்டாச்சு. அதுக்கப்புறமும் தமிழ்நாட்டுல கழிவுநீர்க் குழிக்குள்ள ஆள் செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம மாடியில விழும்போது சுத்தமா இருந்த மழை அது. அதைச் சாக்கடையாக்கி அடுத்தவங்க வீட்டுக்கு அனுப்பறது நாமதான்.

நான் பொட்டி தட்டற கம்பெனிகள்ல ஒரு பழக்கம் உண்டு. பிரச்சினையை நம்ம மாட்யூல்ல இருந்து அடுத்தவன் மாட்யூலுக்குத் தள்ளிட்டு, "என் பக்கம் ஓகே"ன்னு டிக்கெட்டை மூடிடுவோம். மாடிப் பைப்பை டிரைனேஜ்ல சொருகறதும் அதே வேலைதான்.

"மாநகராட்சி ஒழுங்கா மழைநீர் வடிகால் கட்டினா நாங்க ஏன் இப்படிப் பண்றோம்?" நியாயமான கேள்வி. திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டின பூமி, கடல் ஏறி நிக்கற நேரத்துல கால்வாய்த் தண்ணி வடியாது. வடிகாலைக் கேட்டு கவுன்சிலரை நச்சரிக்கணும், நானும் கூட வர்றேன். ஆனா வடிகால் சரியில்லைங்கறதுக்காக அதை விடச் சின்னக் குழாய்ல கொண்டு போய் விடறது எந்த ஊர் நியாயம்?

வழி நமக்குப் புதுசும் இல்லை. 2003லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுச்சு. பல வீடுகள்ல சோதனைக்கு வர்றவங்களுக்குக் காட்ட ஒரு பைப்பை மண்ணுல நட்டதோட சரி. கடற்கரை ஓரம் நம்ம மண்ணு பெரும்பாலும் மணல், தண்ணியை நல்லாவே குடிக்கும். ஜல்லியும் மணலும் நிரப்பின ஒரு குழி போதும். குழி நிரம்பி வழியறது மட்டும் தெரு வடிகாலுக்குப் போகட்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி புகுந்த கதை நமக்குத் தெரியும். 2019 கோடையில குடத்தோட லாரிக்கு நின்னதும் மறந்திருக்காது.

உங்க வீட்டுப் பைப் எங்கே போகுதுன்னு தெரியலையா? மழையில்லாத ஒரு நாள்ல, ஒரு பக்கெட் தண்ணியில மஞ்சத்தூளைக் கரைச்சு மாடி ஓட்டையில ஊத்துங்க. கீழே ஒருத்தரை டிரைனேஜ் சேம்பர் மூடியைத் திறந்து, தள்ளி நின்னு பார்க்கச் சொல்லுங்க. உள்ளே இறங்கவோ தலையை விடவோ வேணாம். மஞ்சத் தண்ணி வந்தா உங்க வீடும் கணக்குல உண்டு. மாத்தறதுக்கு ரெண்டு முழங்கை, கொஞ்சம் பிவிசி பைப், ஒரு பிளம்பரோட அரை நாள் வேலை. வாடகைக்கு இருக்கறவங்க வீட்டுக்காரர்கிட்ட மழைக்கு முன்னாடியே பேசிடுங்க, ரெட் அலர்ட் வந்தப்புறம் எந்த பிளம்பரும் போன் எடுக்க மாட்டார்.

டிஸ்கி: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுன்னா தயவுசெஞ்சு ஷீட் மேல கால் வைக்காதீங்க, பழசான ஷீட் சொல்லாம உடையும். ஓரத்துல ஏணி சாத்தி, கீழே ஒருத்தர் பிடிச்சுக்க, அங்கேயிருந்தே தகரத் தோணியைச் சுத்தம் பண்ணுங்க. ஈபி ஒயர் பக்கத்துல போகுதான்னு முதல்ல பாருங்க.