இந்தியாவில் மின் தானுந்துகள் குறித்த ஐயங்கள்

இந்தியாவில் மின் தானுந்துகள் குறித்த ஐயங்கள் என்பவை, பெட்ரோல் தானுந்துகளிலிருந்து மின் தானுந்துகளுக்கு மாறுவதால் எதிர்பார்க்கப்படும் நன்மைகள் இந்நாட்டில் உண்மையில் கிட்டுமா என எழுப்பப்படும் கேள்விகளைக் குறிக்கும். மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து பெறப்படும் நாட்டில், புகை தானுந்தின் குழாயிலிருந்து மின்நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறுகிறதேயன்றிக் குறைவதில்லை என்பது இவற்றுள் முதன்மையானது. மூலப்பொருட்களுக்குப் பிற நாடுகளைச் சார்ந்திருத்தல், மின்னேற்ற வசதிக் குறைவு, பொதுப்பணத்தைச் செலவிடும் முறை ஆகியன பிற ஐயங்களாகும்.

பின்னணி

பெங்களூரில் உருவாக்கப்பட்ட ரேவா என்னும் சிறிய மின் தானுந்து 2001 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2013 இல் நடுவண் அரசு மின் ஊர்திகளுக்கான தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டு, 2020 ஆம் ஆண்டிற்குள் 60 முதல் 70 இலட்சம் மின் மற்றும் கலப்பு ஊர்திகள் விற்பனையாக வேண்டும் என இலக்கு வைத்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2015 இல் தொடங்கிய ஃபேம் மானியத் திட்டமும், 2019 இல் வந்த அதன் இரண்டாம் கட்டமும் மின் ஊர்தி விற்பனையை உயர்த்தின. எனினும், இந்தியாவில் விற்பனையாகும் மின் ஊர்திகளுள் பெரும்பாலானவை இருசக்கர, முச்சக்கர வண்டிகளே. 2024 இல் விற்பனையான புதிய தானுந்துகளில் மின் தானுந்துகளின் பங்கு நூற்றுக்கு மூன்றிற்கும் குறைவு.

நிலக்கரி மின்சாரம் குறித்த ஐயம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் தானுந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 150 கிராம் கரியமில வாயுவை வெளியிடும்.

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயு வெளியாகிறது. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவிடும் மின் தானுந்துக்கு, மின்கடத்தல் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிராம் என வரும். பெட்ரோலை எடுத்துச் சுத்திகரிப்பதால் உண்டாகும் உமிழ்வு முதற் கணக்கில் இல்லை. மின்கலத்தைச் செய்வதால் உண்டாகும் உமிழ்வு இரண்டாம் கணக்கில் இல்லை.

இவை அனைத்தையும் சேர்த்து, தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2021 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, ஊர்தியின் முழு வாழ்நாளையும் கணக்கிட்டால், இந்தியாவில் மின் தானுந்தின் உமிழ்வு பெட்ரோல் தானுந்தினதைவிட 19 முதல் 34 விழுக்காடு குறைவு. ஐரோப்பாவில் இவ்வேறுபாடு 66 முதல் 69 விழுக்காடாகும். தானுந்தின் நுட்பம் ஒன்றே. அதற்கு ஊட்டப்படும் மின்சாரமே வேறு. நீர்மின்சாரம் மிகுந்த நோர்வேயில் கிடைக்கும் பயனை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திக் காட்டுவது பிழையாகும்.

ஆகவே, பயனே இல்லை என்னும் வாதம் சரியன்று. பயன் சிறிது என்னும் வாதம் சரியே. ஊர்தியின் அளவும் இதில் முக்கியமானது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சிறிய பெட்ரோல் தானுந்தை விட்டு, 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் செலவிடும் கனமான மின் தானுந்துக்கு மாறுபவர், இன்றைய மின்தொகுப்பில், கரியமில வாயுவைக் குறைக்காமலும் போகலாம்.

இதற்கு மறுமொழியாகக் கூறப்படுவது காலம் பற்றியது. பெட்ரோல் தானுந்து தன் வாழ்நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே அளவு புகையையே வெளியிடும். மின்தொகுப்பு தூய்மையாகும்போது, முன்பே வாங்கிய மின் தானுந்தும் தூய்மையாகிறது. 2025 ஆம் ஆண்டில் இந்தியாவின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாயிற்று. ஆயினும், சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைப்பதால் உற்பத்தியில் நிலக்கரியே முன்னிற்கிறது. இரவில் வீட்டில் மின்னேற்றும் வழக்கம் நிலக்கரியைச் சார்ந்தது. பகலில் பணியிடத்தில் மின்னேற்றினால் சூரிய மின்சாரம் பயன்படும்.

மூலப்பொருட்கள்

உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசில் வெட்டி எடுக்கப்படுகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது கண்டிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலங்களில் கோபால்ட் இல்லை. ஆனால் அவற்றின் உற்பத்தியில் சீனாவின் ஆதிக்கம் உள்ளது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்திய ஊர்தி நிறுவனங்கள் இடர்ப்பட்டன.

மறுபுறம், இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எரிந்த பெட்ரோல் மீளாது. மின்கலத்திலுள்ள உலோகங்களைப் பிரித்தெடுக்க முடியும். பழைய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022 ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. அவ்விதிகள் எந்த அளவு செயற்படுகின்றன என்பதைப் பொறுத்தே இவ்வாதத்தின் வலிமை அமையும்.

மின்னேற்ற வசதி

தனி வீடும் வண்டி நிறுத்த இடமும் உடையவருக்கு மின்னேற்றம் எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாடகை வீட்டிலும் வாழ்பவருக்கு அது பிறர் இசைவைச் சார்ந்தது. தெருவில் வண்டியை நிறுத்துபவருக்கு அவ்வாய்ப்பே இல்லை. எனவே, இம்மாற்றத்தின் சலுகைகள் வசதி படைத்தோரையே முதலில் சென்றடைகின்றன என்னும் திறனாய்வு உண்டு.

பொதுப்பணம்

2019 ஆகத்து முதல் மின் ஊர்திகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 இலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோல் மீதான வரிகள் நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் முக்கிய வருவாய். பெட்ரோல் விற்பனை குறையுந்தோறும் இவ்வருவாயை வேறு வழியில் ஈட்ட வேண்டியிருக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டம் தானுந்துகளுக்கு மானியம் தராமல், பேருந்து, இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கே முன்னுரிமை தந்தது.

மதிப்பீடு

நகரத் தெருக்களில் புகைக்குழாய் வழியே வரும் நச்சு வளிமங்களை மின் தானுந்து நீக்குகிறது என்பதில் ஐயமில்லை. சக்கரம் தேய்வதால் எழும் தூசியும் போக்குவரத்து நெரிசலும் எஞ்சும். நிலக்கரி பற்றிய ஐயம் மின் தானுந்தை மறுப்பதற்கான காரணம் என்பதைவிட, மின்தொகுப்பை விரைந்து மாற்றுவதற்கான காரணமாகவே அமைகிறது. அம்மாற்றம் தாமதமானால், மானியமாகவும் வரிச்சலுகையாகவும் செலவாகும் பொதுப்பணத்துக்குக் கிடைக்கும் பயன் சிறிதாகவே இருக்கும். பலர் ஏறும் ஒரு மின்பேருந்தால் கிடைக்கும் பயன், ஒருவர் ஓட்டும் மின் தானுந்தால் கிடைப்பதைவிட மிகுதி என்பதை இரு தரப்பினரும் பொதுவாக ஏற்கின்றனர்.