காருக்குச் சட்டை தைத்தவர்!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள்.

இது மனிதருக்கு மட்டுமா? காருக்கும் பொருந்தும் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி நினைத்தது.

கம்பெனியின் பெயர், அமெரிக்கன் மோட்டார்ஸ். காரின் பெயர், "ஜாவலின்." ஜாவலின் என்றால் ஈட்டி.

1968-ம் ஆண்டு மாடலாக வந்த கார் அது. பிறகு அதற்கு 6.6 லிட்டர் என்ஜின்கூட வைத்தார்கள். பெயருக்கு ஏற்றபடி பாய்ந்தது!

இப்படிப்பட்ட கார்களை அமெரிக்கர்கள் "மஸில் கார்" என்பார்கள். அதாவது, பயில்வான் கார்!

பயில்வானுக்குச் சோதனை

1970-க்குப் பிறகு பயில்வான்களுக்குக் கெட்ட காலம் பிறந்தது.

கார் விடும் புகையைக் குறைக்கச் சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது. வேகத்தைக் காட்டி விற்பது கடினமாகி விட்டது.

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்ற 3 பெரிய கம்பெனிகளுக்கு முன்னால் அமெரிக்கன் மோட்டார்ஸ் சிறிய கம்பெனி. புதுக் கார் செய்ய ஏராளமான பணம் வேண்டும். உள்ளே துணியை மாற்றவோ, அவ்வளவு செலவு இல்லை.

எனவே, பாரீஸ் நகரில் புகழ் பெற்றிருந்த உடை அலங்கார நிபுணர் பியர் கார்டினை அது நாடியது.

வண்ணக் கோடுகள்

கார்டின் கறுப்புத் துணியைத் தேர்ந்தெடுத்தார். அதில் சிவப்பு, ஊதா, வெள்ளை, வெள்ளி நிறக் கோடுகள்.

கோடுகள் முன் ஆசனத்தில் தொடங்கும். கதவில் ஏறும். கூரையைத் தொடும். பின் ஆசனத்தில் இறங்கும்!

காரின் வெளிப்புறத்தில் கார்டினின் முத்திரையும் இருந்தது.

இதற்குத் தனிக் கட்டணம், சுமார் 85 டாலர். 1972, 1973 ஆகிய மாடல்களில் இப்படி 4,152 கார்கள் செய்யப்பட்டன.

ஜீன்ஸ் அல்லாத ஜீன்ஸ்

1973-ம் ஆண்டு மாடலில் இன்னொரு வேடிக்கை.

அதே கம்பெனியின் "கிரெம்லின்" என்ற சிறிய காருக்கு "லீவைஸ்" ஜீன்ஸ் உடுப்பு! செம்புப் பொத்தான், ஆரஞ்சு நிறத் தையல், எல்லாம் உண்டு.

துணி மட்டும் ஜீன்ஸ் அல்ல, நைலான்! உண்மையான ஜீன்ஸ் துணி, கார்களுக்கான தீப் பாதுகாப்பு விதிக்கு ஒத்து வரவில்லை.

காசு எதற்கு?

பெயரைச் சேர்த்து விற்பது குற்றம் அல்ல. கார்டின் பெயருக்குப் பின்னால் கார்டினின் உழைப்பு இருந்தது. நைலான் போட்டதும் பாதுகாப்புக்காகத்தான்.

ஆனால், கோடு போட்டதால் என்ஜினுக்கு ஒரு குதிரைச் சக்திகூடக் கூடவில்லை. பெயரைப் பார்த்து வாங்குகிறவர் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

"இந்தப் பெயர் போட்ட சட்டைதான் வேண்டும்" என்று பிள்ளைகள் அடம் பிடிக்காத வீடு உண்டா? அப்போது பெற்றோர் திட்ட வேண்டாம். சட்டையைத் திருப்பிக் காட்டட்டும். துணி கெட்டியா? தையல் உறுதியா? பெயருக்கு மட்டும் எவ்வளவு காசு? பிள்ளையே கணக்குப் போடட்டும்.

ஜாவலின் 1974-ல் நின்று போனது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியையே 1987-ல் கிரைஸ்லர் வாங்கி விட்டது.

ஆடை பாதிதான். மீதிப் பாதியையும் பார்த்துத்தான் காசை எண்ண வேண்டும்!